காது மெஷின்: நாலு வருஷத்துக்கு அப்புறம்

காது மெஷின் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கம்பெனி, சேனல், ப்ளூடூத் என்றுதான் விசாரிக்கிறார்கள். யார் பேச்சு, எந்த இடத்தில் பிடிபடவில்லை என்று முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள் என்பேன். மெஷின் தேறியதா என்று பார்க்க அந்தத் தாள்தான் உதவும்.

எனக்கு இரும்புப் பட்டறை வேலை. சத்தத்தால் கெடும் காது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற ஒலிகளில்தான், முதலில் அடிவாங்கும். பேச்சு காதில் விழும். ச, ஸ, த மாதிரி சன்னமான ஒலிகள் நழுவிவிடுவதால் பாதி புரியாது.

தண்டையார்பேட்டையில் நான் பார்க்கும் ஆடியாலஜிஸ்ட் (காது கேட்கும் திறனைச் சோதிப்பவர்) அம்மா, அறைக்குள் உட்கார வைத்து ‘பீப்’ கேட்க வைத்ததோடு விடவில்லை. “எங்கெங்க கேட்டா உங்களுக்கு நிம்மதி? அஞ்சு இடம் சொல்லுங்க சார்” என்றார். இதற்குக் கோசி என்று பெயராம். ஆஸ்திரேலியாவில் உருவாக்கி 1997இல் வெளியிட்ட முறை. எவ்வளவு முன்னேற்றம், இப்போது எத்தனை சதவீத நேரம் கேட்கிறது என்று ஒவ்வொரு இடத்துக்கும் நாமே மதிப்பெண் போட வேண்டும்.

நான் முதலில் சொன்னது காசிமேடு மீன் மார்க்கெட். ஐஸ் உடைக்கிற மெஷின், ஆட்டோ ஹாரன், நாலு பக்கமும் ஏலக் குரல். “கூறு நூத்தி அறுபது நைனா” என்பார் மீன்கார அக்கா, எனக்கு எழுபது என்று விழும். ஆரம்பத்தில் மெஷின் ஐஸ் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கியது. அறைக்குள் எடுத்த ரிப்போர்ட்டோ பிரமாதமாக இருந்தது! அப்புறம் எதிரே இருப்பவர் குரலை முன்னால் எடுக்கும் இன்னொரு புரோகிராமை ஆடியாலஜிஸ்ட் அம்மா போட்டுத் தந்தார். முகத்துக்கு நேரே நின்றால் இப்போது 75 கொடுப்பேன். மழைக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டால் 50தான்.

பேங்க் கவுன்டர், பேத்தியின் போன், வாசலில் பேச்சு மூன்றும் சரி. கல்யாண மண்டபத்தில் மேளம் தொடங்கினால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு கேள்வித்தாளும் உண்டு, மொத்தம் ஏழே கேள்வி. அதில் ஒன்று, உங்கள் காதுக் கோளாறு மற்றவர்களுக்கு எவ்வளவு தொல்லை என்பது. அதை வீட்டம்மாவிடமே கேட்டுவிட்டேன். “டிவி சத்தம் கொறஞ்சிருக்கு. ஆனா அடுப்படிலேர்ந்து கூப்டா இன்னும் திரும்ப மாட்டேங்கிறீங்க” என்றார். நான் போட்டிருந்ததைவிடக் குறைவான மார்க், ஆனால் நியாயமானது.

எத்தனை மணி நேரம் போட்டிருந்தோம் என்பதை மெஷினே குறித்து வைக்கிறது. மே மாதத்தில் என் நேரம் சரிந்துவிடும். வியர்வை உள்ளே போனால் குரல் கரகரக்கும். ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்தால் காலையில் சரியாகிவிடுகிறது. மெஷினுக்குப் போடும் 312 சைஸ் பேட்டரியின் பழுப்பு ஸ்டிக்கரைப் போடும்போது மட்டும் பிரியுங்கள். பிரித்துக் காற்றுப் பட்டால் சும்மா வைத்திருந்தாலும் தீர்ந்துகொண்டே போகும்.