7 வாட் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்: வாங்கியவரின் மதிப்புரை

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் மோர்ப்பந்தல் போடுவது வழக்கம். பந்தலில் பேசும் அறிவிப்பு, ஒயர் இழுக்காமலேயே தெருவின் மூன்று ஆம்ப்ளிஃபயர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று எண்ணி, திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு, இணையக் கடை ஒன்றில், பேச்சை எஃப்.எம். வானொலி அலையாக அனுப்பும் 7 வாட் டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன்.

உள்ளங்கை அகல அலுமினியப் பெட்டி, 12 வோல்ட் அடாப்டர், திருகி மாட்டும் ஆன்டெனா, 1 வாட்டுக்கும் 7 வாட்டுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச். பேச்சு தெளிவாகத்தான் கேட்டது. ஆனால் பத்து நிமிடத்தில் பெட்டி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியது. ஆன்டெனா மாட்டாமல் இயக்கினால் பவர் டிரான்சிஸ்டர் எரிந்துபோகக்கூடும் என்ற எச்சரிக்கைகூட அதனுடன் வந்த ஒற்றைத் தாளில் இல்லை.

ஒத்திகை பார்த்த அன்றே எதிர்வீட்டுத் தாத்தா வந்துவிட்டார். "ஏம்ப்பா, ரேடியோவுல நியூஸ் போட்டா உன் குரல் கேக்குது" என்றார். யாரும் இல்லாத இடமென்று நினைத்து 98.5இல் வைத்திருந்த நான், சட்டைப்பையில் ஒரு சிறு ரேடியோவைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து பார்த்தேன்; 97.9இலும் 99.1இலும், அவற்றுக்கு வெகு தள்ளியும்கூட என் குரல் கரகரத்தது. நல்ல டிரான்ஸ்மிட்டரில் இப்படி வெகு தள்ளிச் சிதறும் அலைகளைத் தடுக்க வடிகட்டி இருக்கும். மலிவுப் பெட்டிகளில் முதலில் விடுபடுவது அதுதான்.

சிதறல் வானொலியோடு நிற்பதில்லை. எஃப்.எம். அலைவரிசை முடியும் 108 மெகாஹெர்ட்ஸிலேயே விமானங்களுக்கு வழிகாட்டும் அலைவரிசை தொடங்குகிறது. 118 முதல் 137 வரை விமானியும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்வது. ஆகவே இதைத் தாத்தாவின் செய்தியைக் கெடுத்த சின்ன விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

வாங்கும் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் சட்டம். 1933ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டப்படி, உரிமமில்லாமல் டிரான்ஸ்மிட்டரை வைத்திருப்பதே குற்றம். இயக்கினாயா, யாருக்காவது இடையூறு செய்தாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தச் சட்டம் சொல்லும் தண்டனை மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகை அந்தக் காலத்து வாசனை வீசினாலும் சிறை அப்படி இல்லை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது. குறைந்த திறன் கருவிகள் சிலவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அவை குறிப்பிட்ட அலைவரிசையில், குறிப்பிட்ட திறனுக்குள், பிறருக்கு இடையூறு செய்யாமலும், தமக்கு இடையூறு வந்தால் பாதுகாப்புக் கேட்காமலும் இயங்க வேண்டும். ஊருக்கு நல்லதுதானே என்பதும் எடுபடாது: பீகாரின் வைசாலி மாவட்டத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் சொந்தமாகக் கட்டி, கிராமமே விரும்பிக் கேட்ட எஃப்.எம். நிலையம் 2006இல் உரிமமில்லை என்று மூடப்பட்டது. சமூக வானொலிக்கு உரிமம் உண்டு, பொதுவாக 100 வாட் வரை. ஆனால் கல்வி நிறுவனம், தொண்டு நிறுவனம் போன்றவற்றுக்குத்தானே தவிரத் தனி ஆளுக்கு இல்லை.

கருவிக்கு இங்கே ஒப்புதல் உண்டா என்று விற்பவரிடம் எழுதிக் கேட்டேன். "நிறைய பேர் வாங்குகிறார்கள் சார்" என்று பதில் வந்தது. வாக்கி-டாக்கிகளை உரிமம், அலைவரிசை விவரம் சொல்லாமல் இணையத்தில் விற்பதற்கு எதிராக 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இந்தப் பெட்டியையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் தருகிறேன், அதுவும் ஒலித் தெளிவுக்காக.

திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் பெட்டியை அனுப்பிவிட்டேன். அனுப்பும் செலவு என் தலையில். திருவிழாவன்று 150 மீட்டர் ஒயரைத் தெருவிளக்குக் கம்பங்களில் படாமல் வீட்டு மாடிகள் வழியாக இழுத்தோம்.