எல்க் வேட்டைக்குப் புது மாநிலம்: கொலராடோவா, வயோமிங்கா, மொன்டானாவா?

டெக்சஸிலிருந்தோ இல்லினாயிலிருந்தோ முதல்முறை எல்க் (பெரிய வகை மான்) வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கணக்குதான் போடுகிறார்கள்: எங்கே மந்தை பெரிது, எங்கே டேக் (ஒரு விலங்கை வேட்டையாடத் தரும் அனுமதிச் சீட்டு) மலிவு. இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் கடைசியில் வேட்டையைத் தீர்மானிப்பது மூன்றாவது ஒன்று. பொதுச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, யார் பட்டா நிலத்தையும் மிதிக்காமல், எல்க் நிற்கிற மலைக்குக் கால்நடையாகப் போய்ச் சேர முடியுமா? அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தே என் தேர்வு கொலராடோ என்று ஆனது. இந்த அலசலும் அந்தப் பக்கம் சாயும், தெரிந்தே படியுங்கள்.

முதலில் எல்லாரும் அறிந்ததை முடித்துவிடுவோம். எல்க் மந்தை கொலராடோவில்தான் பெரிது. வெளிமாநிலத்தாருக்கு அங்கே கிடா எல்க் டேக் 800 டாலருக்குச் சற்று மேல். வயோமிங்கில் சாதாரணக் கட்டணம் 692 டாலர்; போட்டி குறைவான ‘ஸ்பெஷல்’ வரிசையில் நின்றால் 1,950. மொன்டானா 1,000 டாலரைத் தாண்டும். வயோமிங் விண்ணப்பம் பிப்ரவரித் தொடக்கத்தில் முடிந்துவிடும், மொன்டானாவுக்கு ஏப்ரல் 1, கொலராடோ குலுக்கலுக்கு ஏப்ரல் முதல் வாரம். கொலராடோவில் குலுக்கலே இல்லாமல் ஆகஸ்டில் கடையில் வாங்கக்கூடிய ரைபிள் டேக் இரண்டாம், மூன்றாம் பருவங்களுக்கு உண்டு. வில் வேட்டைக்கு அந்த வசதி 2025 முதல் வெளிமாநிலத்தாருக்கு ஏறக்குறைய போய்விட்டது. குலுக்கலில்தான் எடுக்க வேண்டும். பழைய கட்டுரைகளை நம்பி வில்லோடு போய் நிற்காதீர்கள்.

இனி வழி விஷயம். மேற்கு மாநிலங்களின் நிலம் ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரங்களாக அளந்து பிரிக்கப்பட்டது. ஒரு சதுரம் 640 ஏக்கர். அதற்கு செக்‌ஷன் என்று பெயர். 1862 சட்டப்படி ரயில் கம்பெனிக்குப் பாதை நெடுக ஒற்றைப்படை எண் செக்‌ஷன்களைத் தூக்கிக் கொடுத்தார்கள். இரட்டைப்படை அரசிடம் நின்றது. விளைவு, தெற்கு வயோமிங்கின் வரைபடம் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். கறுப்புக் கட்டம் தனியார், வெள்ளைக் கட்டம் பொது. ஒரு வெள்ளைக் கட்டத்திலிருந்து அடுத்த வெள்ளைக் கட்டத்துக்கு பிஷப் போல மூலைவழியாகத்தான் நகர முடியும். அந்த மூலையோ ஒரு புள்ளி. மனிதனுக்கோ தோள் அகலம் இருக்கிறது. கால் பொது நிலத்திலேயே பட்டாலும் தோள் தனியார் நிலத்தின் மேலுள்ள காற்றில் போகிறதே, அது அத்துமீறலா என்பதுதான் வழக்கு.

வயோமிங்கின் கார்பன் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), எல்க் மலைப் பக்கம், மிசௌரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். மூலையில் சர்வே அடையாளம் இருந்தது. நில உரிமையாளர் அதன் இரு புறமும் கம்பம் நட்டுச் சங்கிலியும் போட்டிருந்தார். 2020-இல் கம்பத்தைப் பிடித்துச் சுற்றித் தாண்டினார்கள். 2021-இல் மடக்கு ஏணி ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு பொதுக் கட்டத்தில் ஏறி எதிர்ப் பொதுக் கட்டத்தில் இறங்கினார்கள். 2022-இல் ஜூரி அவர்களை விடுவித்தது. சிவில் வழக்கில் 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. பொது நிலத்துக்குப் போகும் வழியை வேலி போட்டு மறிக்கக் கூடாது என்ற 1885-ஆம் ஆண்டுச் சட்டம் கைகொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது. எனவே அந்த வட்டத்துக்குள் வரும் வயோமிங், கொலராடோ, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் தனியார் மண்ணை மிதிக்காமல் மூலை தாண்டலாம். மொன்டானாவும் ஐடஹோவும் வேறு வட்டம். மூலை தாண்டுவது இன்னும் சட்டவிரோதம்தான் என்று மொன்டானா வனவிலங்குத் துறை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

வயோமிங் திறந்துவிட்டது என்று இதைப் படித்துவிட்டு முடிவு கட்டவேண்டாம். மூலை தாண்டுகிறவருக்கு மூலை எங்கே என்று தெரிய வேண்டும். கைபேசிச் செயலியில் தெரியும் கோடு சர்வே கோடு அல்ல, வரைந்த கோடு. அது சில மீட்டர் தள்ளியிருக்கும், ஜிபிஎஸ் இன்னும் 3, 4 மீட்டர் பிசகும். இரண்டையும் சேர்த்தால் நீங்கள் மூலை என்று நினைத்துத் தாண்டும் இடம் சுத்தமாகப் பட்டா நிலத்துக்குள் இருக்கலாம். தரையில் பதித்த பித்தளை அல்லது அலுமினிய மூடியை, நம் ஊர்ச் சொல்லில் சர்வே கல்லை, கண்ணால் பார்த்தால் மட்டுமே தாண்டலாம். பல மூலைகளில் அது புதைந்தோ பெயர்ந்தோ கிடக்கிறது. கல் தென்படவில்லையா, திரும்பிவிடுங்கள். வேலி ஒருபோதும் எல்லைக்குச் சாட்சி அல்ல; மாடு நிற்கும் இடத்துக்கேற்ப வேலி போடுவார்கள்.

மூலைத் தகராறு ஒரு வகை. நாலாபுறமும் தனியார் நிலம் சூழ்ந்து, சாலையே தொடாத பொது நிலம் இன்னொரு வகை. 2018-இல் வந்த ஒரு கணக்கெடுப்பின்படி, மூலையில் மட்டும் தொடும் நிலத்தையும் சேர்த்து, பாதையற்றுக் கிடக்கும் மத்திய அரசு நிலம் வயோமிங்கில் 30.5 லட்சம் ஏக்கர், மொன்டானாவில் 15.2 லட்சம், கொலராடோவில் 2.69 லட்சம்தான். என் சாய்வுக்கு முதல் காரணம் இந்த வித்தியாசம்.

இரண்டாவது காரணம் வயோமிங்கின் ஒரு விநோத விதி. வில்டர்னஸ் என்று மத்திய அரசு அறிவித்த வனப்பகுதிக்குள், உரிமம் பெற்ற கைடோ உள்ளூர்வாசி ஒருவரோ துணைக்கு வராமல் வெளிமாநிலத்தார் பெரிய விலங்கு வேட்டையாடக் கூடாது. மலையேறலாம், மீன் பிடிக்கலாம், கூடாரம் போட்டுக் கிடக்கலாம். துப்பாக்கியோ வில்லோ எடுத்து எல்க் தேட மட்டும் துணை வேண்டும். உள்ளூர் நண்பர் இருந்தால் அவர் இலவசமாகவே அனுமதி எடுத்துத் துணை வரலாம். நண்பர் இல்லாதவருக்கு, யெல்லோஸ்டோனைச் சுற்றியுள்ள பெயர்பெற்ற எல்க் மலைகளில் பெரும்பகுதி கைவிட்டுப் போகிறது. மிஞ்சுவது பிக்‌ஹார்ன், மெடிசின் போ போன்ற வனங்களின் வில்டர்னஸ் அல்லாத பகுதி. அது மோசமில்லை. ஆனால் குலுக்கலில் முன்னுரிமை தரும் புள்ளிகளைப் பல ஆண்டு சேர்த்து வாங்கிய டேக்கோடு அங்கே போய் வாகனக் கூட்டத்துக்கு நடுவில் நிற்பதற்கு மனம் ஒப்ப வேண்டும்.

வயோமிங்குக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பொதுச் சாலையோ பொது நிலமோ தொட்டுக்கொண்டிருக்கும் மாநில அறக்கட்டளை நிலம் (மாநில அரசு வருமானத்துக்காக வைத்திருப்பது) அங்கே இயல்பாகவே வேட்டைக்குத் திறந்தது. இரவு தங்கவும் தீ மூட்டவும்தான் கூடாது. வேட்டைத் துறை தனியாரிடம் பேசித் திறந்துவிட்ட நிலங்களும் உண்டு. சிலவற்றில் நேரே நடந்து நுழையலாம், சிலவற்றுக்கு இணையத்தில் அனுமதிச் சீட்டு எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

கொலராடோவில் மாநில நிலம் நேர் எதிர். வேட்டைத் துறை குத்தகைக்கு எடுத்துத் திறந்த துண்டுகளைத் தவிர மற்ற அறக்கட்டளை நிலம் மூடியதே. வயோமிங் பழக்கத்தில் வருகிறவர்கள் செயலியில் மாநில நில நிறத்தைப் பார்த்ததும் உள்ளே போய் மாட்டிக்கொள்வது இங்கேதான். மேலும் கொலராடோவில் தனியார் நிலத்துக்குப் பலகையோ வேலியோ இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எல்லை தெரிந்திருக்க வேண்டியது வேட்டைக்காரர் பொறுப்பு. ‘போர்டு இல்லையே சார்’ என்ற பேச்சு எடுபடாது.

சரி, கொலராடோவில் என்ன இருக்கிறது? தொடர்ச்சி. வைட் ரிவர் தேசிய வனம் மட்டும் சுமார் 23 லட்சம் ஏக்கர். அதற்குள்ளும் பக்கத்து ரௌட் வனத்துக்குள்ளும் பரவிய ஃபிளாட் டாப்ஸ் வில்டர்னஸ் சுமார் 2.35 லட்சம் ஏக்கர்; கைடு கட்டாயம் கிடையாது. மீக்கர் ஊரிலிருந்து யாம்பா வரை செல்லும் 82 மைல் மலைச்சாலையிலிருந்து கிளைச் சாலைகள் பிரிகின்றன. அவற்றின் முனைகளில் மலைப்பாதைகள் தொடங்குகின்றன. வண்டியை நிறுத்தி நடக்கத் தொடங்கினால் பட்டா நிலத்தின் கவலை பல மைலுக்கு இல்லை. இதுதான் புதியவருக்கு வேண்டியது. முதல் ஆண்டு விலங்கைப் படிப்பதே பெரிய வேலை; அதோடு எல்லைக்கோட்டையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் இரண்டும் உருப்படாது.

ஆனாலும் இங்கேயும் வீட்டிலேயே பார்த்துவிட வேண்டியவை உண்டு. வரைபடத்தில் தேசிய வனத்தின் வெளிக்கோடு என்பது அறிவிப்பு எல்லை மட்டுமே. அதற்குள்ளே பழைய சுரங்கப் பட்டாக்களும் பண்ணைகளும் தீவுகளாக இருக்கும். எனவே நில உரிமை அடுக்கைத் தனியே போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்தது சாலை. படத்தில் சாலை ஓடுகிறது என்பதால் அது பொதுச் சாலை ஆகிவிடாது. தனியார் நிலம் வழியாக வனத்துக்குப் போகும் சாலை கவுண்டிச் சாலையாக இருக்க வேண்டும், அல்லது வனத்துறைக்கு அதில் வழிநடைப் பாத்தியம் இருக்க வேண்டும். கவுண்டிச் சாலைப் படத்தில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் கவுண்டியின் சாலைப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். கடைசியாக, எந்தச் சாலையில் எந்த வண்டி, எந்தத் தேதி வரை போகலாம் என்பதை வனத்துறை இலவசமாகத் தரும் மோட்டார் வாகனப் படத்தில் பாருங்கள். கறுப்பு வெள்ளையில், பார்க்கவே எரிச்சலூட்டும் படம். ஆனாலும் சட்டப்படி செல்லுபடியாவது அதுதான். அதன் ஓரத்திலுள்ள பருவகாலப் பட்டியலைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. அக்டோபரில் போய்ப் பூட்டிய கேட்டின் முன் நிற்பது இதனால்தான்.

தூரத்தையும் இறைச்சிக் கணக்கோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். வளர்ந்த கிடா எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பு நீக்கினாலும் சுமார் 100 கிலோ இறைச்சி, போதாக்குறைக்குத் தலை. முதுகில் ஒரு நடைக்கு 25 கிலோ என்றால் ஐந்து நடை. வண்டி 3 மைலில் இருந்தால் சுமையோடு 15 மைல், வெறுங்கையோடு திரும்புவது 12 மைல், ஆக 27 மைல், அதுவும் 10,000 அடி உயரத்தில். சக்கரம் வைத்த இறைச்சி வண்டி வில்டர்னஸுக்குள் தடை, சைக்கிளும் அப்படியே. செப்டம்பர் வெயிலில் இறைச்சி காத்திருக்காது. தனியாள் என்றால் சாலையிலிருந்து 2 மைலுக்குள் வட்டம் போடுங்கள். அதற்கு மேல் போவதானால் குதிரைக்காரரிடம் முன்கூட்டியே விலை பேசி வையுங்கள்.

கொலராடோவின் குறை, கூட்டம். கடையில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல் விற்கும் டேக் என்றால் வேறென்ன எதிர்பார்ப்பது? பத்துப் பேரில் எட்டுப் பேர் வெறுங்கையோடு திரும்பும் வேட்டை இது. இன்னொரு குறை பனி. பனி கனத்துவிட்டால் எல்க் உயர வனத்தை விட்டுப் பள்ளத்தாக்கிலுள்ள வைக்கோல் வயல்களுக்கு இறங்கிவிடும். அவை எல்லாம் தனியார் நிலம். செப்டம்பரிலும் அக்டோபர் கடைசியிலும் நிறைந்திருக்கும் அதே பொது வனம் நவம்பர் நடுவில் காலியாகக் கிடக்கலாம். அதனால் இரண்டாம் ரைபிள் பருவத்துக்கு உயரத்திலும், மூன்றாம் பருவத்துக்கு 7,500 அடி முதல் 9,000 அடி வரை பிஎல்எம் (மத்திய அரசின் நில நிர்வாகத் துறை) நிலத்திலும் இடம் பார்த்து வையுங்கள். ஒரே திட்டத்தை இரண்டுக்கும் வைக்காதீர்கள்.

மொன்டானா வேறு கணக்கு. 1985-இல் தொடங்கிய பிளாக் மேனேஜ்மென்ட் திட்டத்தில் சுமார் 70 லட்சம் ஏக்கர் நிலம், பெரும்பாலும் தனியார் பண்ணை, வேட்டைக்காரருக்குக் கட்டணமின்றித் திறக்கிறது. முதல் வகையில் நுழைவாயிலிலுள்ள பெட்டியில் சீட்டு எழுதிப் போட்டுவிட்டு உள்ளே போகலாம். இரண்டாம் வகைக்கு உரிமையாளரிடமோ துறையிடமோ முன்பதிவு வேண்டும், எல்க் நிறைந்த பண்ணைகள் ஆகஸ்டு கடைசியிலேயே நிரம்பிவிடும். ரைபிள் பருவம் ஐந்து வாரம் ஓடுகிறது, ஆகவே அவசரமில்லை. நவம்பரில் மட்டுமே விடுப்புக் கிடைக்கும் என்பவருக்கு நான் கொலராடோவைச் சொல்லமாட்டேன். எல்க் இறங்கிவரும் நிலத்தையே திறந்துவைத்திருக்கும் மொன்டானாவைத்தான் சொல்வேன்.

ஐடஹோவில் பாதையற்ற மத்திய நிலம் கொலராடோவைவிடவும் குறைவு, ஆனால் செங்குத்து. 2026 பருவம் முதல் வெளிமாநிலத்தாரின் பொது டேக்கும் குலுக்கலுக்குப் போய்விட்டது. நியூ மெக்சிகோவில் புள்ளி முறையே கிடையாது. கைடு இல்லாத வெளிமாநிலத்தாருக்கு ஒதுக்கீடு 6 சதவீதம். இந்த இரண்டையும் விதிகளை வைத்துத்தான் எடைபோடுகிறேன், நடந்து பார்த்து அல்ல. ஆண்டுதோறும் விண்ணப்பம் போட்டு வைக்கலாம்; விடுப்பை மட்டும் அதை நம்பி எடுக்க முடியாது.

எச்1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். ஏதாவது ஒரு மாநிலம் தந்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. நண்பரின் ரைபிளைச் சுட்டுப் பழகுவதற்கு முன்பே உரிமம் எடுத்துவிடுங்கள். வேட்டைப் பயிற்சிச் சான்றும் சீக்கிரம் வேண்டும். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவருக்கும் அது கட்டாயம்.

டேக் கைக்கு வந்ததும் ஆகஸ்டில் அந்தப் பகுதி ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். ‘எல்க் எங்கே இருக்கிறது’ என்று கேட்டால் சிரித்துவிட்டு மழுப்புவார்கள். ‘இந்த எண் சாலையில் கேட் எந்தத் தேதியில் மூடுகிறீர்கள், இந்த ஆண்டு எந்தப் பாதையில் மரம் விழுந்து அடைத்திருக்கிறது, குதிரைக் கூட்டங்கள் எந்தப் பாதை முனையில் இறங்குகின்றன’ என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் உள்ள முனையைப் படத்தில் அடித்துவிட்டு, அதற்கு அடுத்த முனையில் கூடாரம் போடுங்கள்.