அபு முப்படப் பெட்டி: எரிந்த நெகட்டிவும் பூட்டிய பிளேயரும்

அபு என்ற வங்காளச் சிறுவன் வளர்ந்து ஆளாகும் கதையைச் சொல்லும் சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955), ‘அபராஜிதோ’ (1956), ‘அபுர் சன்சார்’ (1959) மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015-இல் ப்ளூ-ரேயாக வெளியிட்டது. மூன்று படம், மூன்று வட்டு, கூடவே ஒரு சிறுநூல். இந்தப் படங்களை வீட்டில் பார்க்க அதற்கு முன் இவ்வளவு நல்ல வழி இருந்ததில்லை. ஒரே ஒரு சிக்கல்: சென்னையிலோ கொழும்பிலோ வாங்கிய சாதாரண பிளேயரில் இந்த வட்டு ஓடாது. அதனால் படத்தரத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்குப் பிளேயரைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

முதலில் நெகட்டிவ் விவகாரம். அது தெரியாமல் இந்த வட்டுகளை எடைபோட்டால் தப்பாகத்தான் முடியும். 1992-இல் ரேவுக்குக் கௌரவ ஆஸ்கர் தர முடிவானபோது, விழாவில் காட்ட அவருடைய படங்களின் நல்ல பிரதி கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. பிறகு மூல நெகட்டிவ்கள் சீரமைப்புக்காக லண்டனுக்குப் போயின. 1993-இல் அங்கே ஹெண்டர்சன்ஸ் என்ற திரைப்பட லேபில் தீப்பிடித்தது. கருகியதும் உருகி ஒட்டியதுமாகக் கிடந்த ரீல்களை யாரும் குப்பையில் கொட்டவில்லை. அவை லாஸ் ஏஞ்சல்ஸில், ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய், இருபது வருடம் அப்படியே உறங்கின.

2013-இல் கிரைட்டீரியனும் அகாடமி காப்பகமும் வேலையைத் தொடங்கி, எரிந்த ரீல்களை இத்தாலியின் போலோன்யாவில் உள்ள லிம்மாஜினே ரித்ரோவாதா என்ற சீரமைப்புக் கூடத்துக்கு அனுப்பின. காய்ந்து முறியும் நிலையில் இருந்த பிலிமுக்கு ரசாயனக் கரைசல் மூலம் ஈரப்பதம் ஏற்றினார்கள். ஓரத்துத் துளைகளைக் கையாலேயே ஒட்டிச் சரிசெய்தார்கள். பழைய டேப் பசையையும் உருகிய கசடையும் சுரண்டி எடுத்தார்கள். கைவேலை மட்டும் ஏறத்தாழ 1,000 மணி நேரம். கடைசியில் ‘பதேர் பாஞ்சாலி’ நெகட்டிவில் சுமார் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் ஸ்கேன் செய்யும் அளவுக்குத் தேறின. ‘அபுர் சன்சார்’ நெகட்டிவில் ஒரு ரீல்கூடத் தேறவில்லை. விடுபட்ட பகுதிகளை அகாடமி, ஹார்வர்ட், பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் ஆகியவற்றின் காப்பகங்களில் இருந்த ஃபைன் கிரெய்ன் மாஸ்டர்களும் (மூலத்திலிருந்து எடுத்த உயர்தரப் படிகள்) டூப் நெகட்டிவ்களும் (படியெடுத்த நெகட்டிவ்கள்) நிரப்பின. ஸ்கேனும் சீரமைப்பும் 4கே அளவில் நடந்தவை. ப்ளூ-ரேயில் நமக்குக் கிடைப்பது 1080 வரி.

இந்தக் கணக்கைத் திரையிலேயே பார்க்கலாம். ‘பதேர் பாஞ்சாலி’யில் மூல நெகட்டிவிலிருந்து வந்த ஷாட்களில் கிரெய்ன், அதாவது பிலிமின் நுண்துகள், மெல்லியதாக, மாவு சலித்த மாதிரி இருக்கும். கிழவி இந்திர் தாக்ருணின் முகச் சுருக்கம், குளத்து நீரில் ஊர்ந்து போகும் பூச்சி, நாணல் பூவின் வெள்ளைக்குள் இருக்கும் வெள்ளை எல்லாம் தனித்தனியாகத் தெரியும். டூப்பிலிருந்து வந்த ஷாட் வந்ததும் கிரெய்ன் சற்றுத் தடிக்கும், நிழல்கள் கொஞ்சம் மூடிக்கொள்ளும். ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாகும் இடங்களிலும் இப்படித்தான். அது லேபில் ஒரு தலைமுறை தள்ளிப் படியெடுத்ததன் விளைவு, வட்டின் கோளாறு அல்ல. இந்த ஏற்ற இறக்கத்தை மறைக்கக் கிரெய்னை வழித்து மெழுகுப் பொம்மையாக்காமல் விட்டதே இந்தச் சீரமைப்பின் பெரிய நல்ல காரியம்.

‘அபராஜிதோ’வில் காசி வீட்டின் உள்முற்றத்தைக் கவனியுங்கள். அது ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா செட்டுக்கு மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்கொளியை அதில் அடித்துத் திருப்பி, மேகமூட்டமான பகல் வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். பழைய தேய்ந்த பிரதிகளில் இந்த வெளிச்சம் வெறும் சாம்பல் பூச்சாகத் தெரியும். இங்கே சுவரில் வெளிச்சம் படிப்படியாக இறங்குவது தெரிகிறது. ‘அபுர் சன்சார்’ முழுக்க இரண்டாம் தலைமுறைப் பொருளிலிருந்து வந்தும், ஒரே சீராக இருப்பதால் மூன்றில் அதுதான் கண்ணுக்கு இதமானது. இது கொஞ்சம் வேடிக்கைதான்.

ஒலி மோனோ, சுருக்கப்படாத (அன்கம்ப்ரஸ்ட்) பதிவு. சோதித்துப் பார்க்க ஒரே இடம் போதும்: ‘பதேர் பாஞ்சாலி’யில் அபுவின் அப்பா ஹரிஹர் ஊர் திரும்பிச் சேலையை எடுத்து நீட்ட, அம்மா சர்வஜயா உடைந்து அழும் காட்சி. அங்கே அவள் குரல் கேட்காது. தட்சிணாமோகன் தாகூர் வாசித்த தார் ஷெனாய் என்ற தந்தி வாத்தியம் கேட்கும். மட்டமான பதிவில் இந்த உச்ச ஸ்வரம் தகரத்தைக் கீறுவது போல ஒலிக்கும். இந்த வட்டில் கூர்மை இருக்கிறது, கீறல் இல்லை. பின்னணி இரைச்சலை முழுக்கத் துடைக்கவில்லை, நல்லவேளை. துடைத்திருந்தால் ரவிசங்கரின் சிதார் நாதத்தின் வாலும் சேர்ந்து போயிருக்கும்.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். பால் (PAL) என்ற டிவி முறையில் வந்த பழைய டிவிடிகளில் நொடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டிய படம் 25-ஆக ஓடும். 125 நிமிடப் படம் 120-இல் முடிந்துவிடும். சுருதியும் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏறும். காது பழகியவர்களுக்குச் சிதார் வேறு கட்டையில் கேட்கும். ப்ளூ-ரே 24 சட்டகத்திலேயே ஓடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

சப்டைட்டில் ஆங்கிலம் மட்டும். தமிழ் இல்லை, எதிர்பார்க்கவும் முடியாது. ஆங்கில வரிகள் சுத்தமாக, படத்தை மறைக்காமல் இருக்கின்றன. உறவுமுறையில்தான் இழப்பு. அபுவின் அக்கா துர்கா, கிழவி இந்திரைக் கூப்பிடும் ‘பிஷி’ என்பது நம்முடைய அத்தை, அப்பாவின் வழி உறவு. ஆங்கிலத்தில் அது பொதுவான ஆண்ட்டி ஆகிவிடுகிறது. ‘தீதி’ என்றால் அக்கா, ‘பிஷி’ என்றால் அத்தை என்று மனதில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டினால் பாதி வீட்டுச் சண்டை சப்டைட்டில் இல்லாமலே புரியும்.

கூடுதல் பகுதிகளில் முதலில் பார்க்க வேண்டியது இயக்குநர் கோகொனாடா தொகுத்த சீரமைப்புப் பதிவு. கருகிய ரீல்களை மேசையில் பிரிக்கும் காட்சியைப் பார்த்த பிறகு டூப் ஷாட்களைக் குறைசொல்ல மனசு வராது. மமூன் ஹசனின் ‘எ க்ளோசர் லுக்’ சட்டகம் சட்டகமாகப் பாடம் நடத்துகிறது. படம் எடுக்க நினைப்பவர்கள் இதற்காகவே பெட்டியை வாங்கலாம். ‘அபுர் சன்சார்’ நடிகர்கள் சௌமித்ர சாட்டர்ஜி, சர்மிளா தாகூர், கேமரா உதவியாளர் சௌமேந்து ராய் பேட்டிகளும் 1958-இல் பதிவான ரேயின் குரலும் உண்டு. சிறுநூலில் டெரன்ஸ் ராஃபர்ட்டி, கிரீஷ் ஷம்பு கட்டுரைகளோடு, ரே கைப்பட வரைந்த ‘பதேர் பாஞ்சாலி’ சித்திரங்களும் இருக்கின்றன. படத்தோடு கூடவே ஓடும் விளக்க ஒலித்தடம் மட்டும் மூன்றிலும் இல்லை. இந்த விலைக்கு ஒன்றாவது போட்டிருக்கலாம்.

இனி பூட்டு. ப்ளூ-ரேக்காக உலக நாடுகளை ஏ, பி, சி என மூன்று ரீஜனாக, அதாவது பகுதியாக, பிரித்திருக்கிறார்கள். கிரைட்டீரியனின் அமெரிக்க ப்ளூ-ரே ஏ ரீஜனுக்குப் பூட்டியது. இந்தியாவும் இலங்கையும் சி. பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா, வளைகுடா பி. கனடா, சிங்கப்பூர், மலேசியா ஏ; அங்கிருப்பவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம். ரீஜன் பொருந்தாவிட்டால் பிளேயர் வட்டைப் படித்துவிட்டு, இந்தப் பகுதியில் ஓடாது என்று ஒரு பலகையைக் காட்டி நின்றுவிடும். வட்டு கெட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள். அதேபோல, ரிமோட்டில் எண்களை அழுத்தி ரீஜன் மாற்றும் பழைய வித்தை பெரும்பாலும் டிவிடி ரீஜனைத்தான் மாற்றும். ப்ளூ-ரே பூட்டுக்கு அது எடுபடாது. விற்பவர் மல்டி ரீஜன் என்றால், டிவிடிக்கா ப்ளூ-ரேக்கா என்று பிரித்துக் கேளுங்கள்.

சுலபமான வழி சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் உறவினரிடம் அங்கத்திய பிளேயரைச் சொல்லிவிடுவது. ரீஜன் ஏ, நம்மைப் போலவே 230 வோல்ட். பிளக் மட்டும் மூன்று சதுர முள். ஒரு கன்வர்ட்டர் போதும். அந்த பிளேயரின் டிவிடி ரீஜன் 3 என்பதால், 5 என்று பூட்டிய இந்திய டிவிடிகள் அதில் ஓடாது. அதற்குப் பழைய பிளேயரைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் பின்பக்க லேபிளைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் பயமில்லை. 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகிய மாத்திரத்தில் பவர் சப்ளை புகைந்துவிடும். பிளேயர் 20, 30 வாட்தான் இழுக்கும் என்பதால் 100 வாட் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். பூட்டை எடுத்து விற்கப்படும் பிளேயர் வாங்கினால் தானியங்கி மென்பொருள் அப்டேட்டை முதல் நாளே அணைத்துவிடுங்கள். மென்பொருளால் செய்த மாற்றமாக இருந்தால் ஒரு அப்டேட்டில் பழைய பூட்டு திரும்ப விழலாம்.

கணினியில் வெளி ப்ளூ-ரே டிரைவ் வைத்தும் பார்க்கலாம். அங்கே ப்ளூ-ரே ரீஜனை டிரைவ் பார்ப்பதில்லை, காசு கொடுத்து வாங்கும் பிளேயர் மென்பொருள்தான் பார்க்கிறது. அதில் ரீஜனை மாற்ற குறிப்பிட்ட தடவைகளே அனுமதி உண்டு. விளையாட்டாக மாற்றித் தீர்த்துவிட்டால் கடைசியாக வைத்த ரீஜனிலேயே நின்றுபோகும்.

இதே தொகுப்புக்குக் கிரைட்டீரியன் 4கே பதிப்பும் கொண்டுவந்திருக்கிறது. 4கே அல்ட்ரா எச்டி வட்டுக்கு ரீஜன் பூட்டே கிடையாது. எந்த நாட்டு 4கே பிளேயரிலும் ஓடும். புதிதாக பிளேயர் வாங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு இதுதான் என் சிபாரிசு. கையில் ஏற்கெனவே ஏ ரீஜன் பிளேயரும் சுமாரான அளவு டிவியும் உள்ளவர்கள் ப்ளூ-ரேயோடு நிம்மதியாக இருக்கலாம்.

வட்டு வந்தும் படம் சோப்பு விளம்பரம் மாதிரி வழுவழு என்று தெரிந்தால் குற்றவாளி டிவி. பிக்சர் மோடை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் என்று வையுங்கள். ஷார்ப்னெஸை அடியோடு குறையுங்கள். நாய்ஸ் ரிடக்ஷன் (படத்தின் புள்ளிகளைத் துடைக்கும் வசதி), அசைவைச் சீராக்கும் வசதி இரண்டையும் அணையுங்கள். முன்னது கிரெய்னைத் தின்னும், பின்னது ஓட்டத்தைக் கெடுக்கும். பிளேயரில் 24பி (நொடிக்கு 24 சட்டகம்) வெளியீடு ஆட்டோவில் இருக்கட்டும். படம் கிட்டத்தட்டச் சதுரம் என்பதால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதை நிரப்ப இழுத்தால் துர்கா குட்டையாகிவிடுவாள். கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பாரித்தால் கலர் டெம்பரேச்சரை வார்ம் பக்கம் நகர்த்துங்கள்.

விலைக்கு வருவோம். ப்ளூ-ரே பெட்டியின் பட்டியல் விலை 99.95 டாலர். முழு விலைக்கு வாங்குவது வீண். அமெரிக்கப் புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபிள் வழக்கமாக ஜூலையிலும் நவம்பரிலும் கிரைட்டீரியன் வட்டுகளைப் பாதி விலைக்குத் தருகிறது. கிரைட்டீரியன் தளமும் வருடத்தில் ஓரிரு முறை 24 மணி நேரப் பாதி விலை விற்பனை வைக்கும். இந்தியாவுக்குத் தபாலில் வரவழைத்தால் வட்டின் விலையோடு அனுப்புகூலியும் சேர்ந்த தொகைமேல்தான் சுங்கவரி கணக்காகும். கூரியர்காரர் தன் பங்குக்குக் கையாளும் கட்டணமும் போடுவார். பாதி விலைக்கு வாங்கிய லாபம் அங்கேயே கரையும். யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதுதான் கட்டுப்படி.

நம்ப முடியாத மலிவில் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். வட்டின் அடிப்பக்கம், நடுத்துளையை ஒட்டிய கண்ணாடி வளையத்தில் ஐஎஃப்பிஐ என்று தொடங்கும் பொடி எழுத்துக் குறியீட்டைத் தேடுங்கள். அது இல்லாமல், சிறுநூலும் இல்லாமல் வந்தால் வீட்டில் கணினியில் நகலெடுத்த போலி வட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6. மேலே கெட்டிப் பூச்சு இருப்பதால் சின்னக் கீறல் ஒன்றும் செய்யாது. ஆழமாகப் பட்டால் பிழைப்பது கஷ்டம். டிவிடியைத் தேய்த்து மெருகேற்றும் இயந்திரத்தில் ப்ளூ-ரேயைக் கொடுக்கவே கூடாது. அந்தப் பூச்சைத்தான் அது முதலில் எடுக்கும். விரல்ரேகையை மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோடாகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். கடலோர ஊர்களில் முதலில் கெடுவது வட்டு அல்ல, அட்டைதான். மழைக்காலத்தில் ஊறி, ஓரம் பிரிந்து, பூஞ்சை படியும். இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் நிமிர்த்தி வைத்து, நிறம் மாறும் வகையாக இருந்தால் மாறியதும் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.