முழுநாள் மணல் நடை: தனுஷ்கோடியா, தேரிக்காடா?

தை மாதத்தில் ஒரு நாள் காலையிலிருந்து மாலைவரை நடக்க வேண்டும், எங்கே போகலாம் என்று மச்சான் கேட்டார். உச்சிப்புளியில் இருந்துகொண்டு யோசித்தால் இரண்டு இடம்தான் தோன்றும். ஒன்று, ராமேஸ்வரம் தீவின் வால் முனையான தனுஷ்கோடி. இன்னொன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் வரும் குதிரைமொழித் தேரி, திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் காடு. இரண்டிலும் நடந்திருக்கிறேன். இரண்டும் ஆளைச் சாய்த்துவிடும், ஆனால் சாய்க்கிற விதம் வேறு.

தனுஷ்கோடியில் கணக்கு எளிது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தீவு முடியும் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர், போய்வர 19. தார்ச்சாலை 2017-ல் திறந்தது, ஆனால் அதில் நடப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கரையோரம் நடக்க வேண்டும். கெட்டித் தரையைவிட உதிரி மணலில் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். அதனால் அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணலிலேயே கால் வையுங்கள். மன்னார் வளைகுடாப் பக்கத்தை இங்கே ஆண் கடல் என்பார்கள். அங்கே கரை சரிவாக இருக்கும். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று இரண்டு மணி நேரம் நடந்தால் கணுக்கால் ஒரே பக்கமாக வலிக்கத் தொடங்கும். வடக்கே பெண் கடல் அமைதியானதுதான், ஆனால் சேறும் தேங்கிய நீரும் அதிகம். தை, மாசியில் பூநாரைகள் நிற்பது அந்தப் பக்கம். அந்தப் பகுதியை 2025-ல் சரணாலயமாகவும் அறிவித்திருக்கிறார்கள். பறவைகள் எழும்பாத தூரத்தில் நின்று பாருங்கள்.

நிழல் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயச் சுவரோரம் கிடைக்கும் துண்டு நிழல்தான். நான் அங்கே உட்காரும்போதெல்லாம் பேச்சு தானாக நின்றுவிடும். அந்த இரவில் ரயிலோடு கடலில் போனவர்களை நினைக்காமல் அந்தக் கல்லில் சாய முடியவில்லை. தண்ணீருக்கு மட்டும் ஓர் ஆறுதல். இரண்டு கடலுக்கும் நடுவே மணலைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால்தான் அது கிடைக்கிறது. இருந்தாலும் அதை நம்பிப் போகாதீர்கள், ஆளுக்கு நான்கு லிட்டர் கட்டாயம்.

தேரி அப்படியே தலைகீழ். பனையும் கொல்லாமரமும் உடைமரமும் இருக்கின்றன, உட்கார நிழல் உண்டு. மணல் துகள்மேல் இரும்பு ஆக்சைடு படிந்ததால் வந்த சிவப்பு, காலை வெயிலில் செங்கல் பொடி மாதிரியும் மாலையில் இன்னும் ஆழ்ந்தும் தெரியும். அழகு என்று பார்த்தால் தேரிக்குத்தான் என் ஓட்டு. ஆனால் மேடு ஏறினால் அடுத்தும் அதே மேடு. கடல் தெரியாது, சாலை தெரியாது. போன முறை உச்சிவேளையில் எங்களுக்குத் திசை தப்பிவிட்டது. எங்கள் காலடித் தடத்தையே காற்று அழித்திருந்தது. பனையேறும் பெரியவர் ஒருவர் பார்த்து, "தம்பி, வெயில் தாழட்டும், நிழலைப் பின்னால் விட்டு நேரா மேற்கே போங்க, ரோடு வந்துரும்" என்று சொல்லி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். அவர் சொன்னபடிதான் வெளியே வந்தோம். அது காப்புக்காடு என்பதால் உள்ளே நடக்க வனத்துறையிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. முதல் தடவை போகிறவர்கள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலை மையமாக வைத்துச் சுற்றினால் போதும். செம்மணலுக்கு நடுவே அங்கே சுனை இருக்கிறது.

காலமும் முக்கியம். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரண்டுமே வேண்டாம். தனுஷ்கோடியில் மணல் முகத்தில் ஊசியாய்க் குத்தும், தேரியில் மேடே இடம் மாறும். சின்னப் பிள்ளைகள் கூட வந்தால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு உச்சிப்புளிப் பக்கத்து அரியமான் கடற்கரையில் சவுக்குத் தோப்போரம் நடந்துவிட்டு வாருங்கள்.

சரி, மச்சானுக்கு என்ன சொன்னேன்? தனுஷ்கோடி. தேரியில் அசந்துவிட்டால் வந்த தூரம் முழுவதையும் திரும்ப நடந்தே ஆக வேண்டும். இங்கே கால் ஓய்ந்தால் பக்கத்துச் சாலைக்கு ஏறி பஸ்ஸைக் கை காட்டலாம், திசை தப்பவும் வழியில்லை. முழுநாள் நடைக்குப் புதியவருக்கு அதுதான் தேவை. விடியும்போது சத்திரத்தில் இறங்கினால் பத்து மணிக்குள் முனையைத் தொடலாம். பொழுது சாயும் முன்னால் காவலர்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். முனையில் கடலில் இறங்கக் கூடாது, நீரோட்டம் இழுத்துவிடும்.

தேரிக்கு பங்குனியில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்போது பதநீர் இறங்கும்.