அசெப்ரைட்: பிக்சல் ஆர்ட்ட நடக்க வைக்கணும்னா இத வாங்குங்க

சேலத்துல வீட்ல உக்காந்து தனியா கேம் பண்றவங்களுக்காக இத எழுதறேன். பிக்சல் ஆர்ட்ட, அதாவது சின்னச் சின்ன கட்டமா வெச்சு வரையற படத்த, வரைஞ்சு அசைய வைக்கற சாஃப்ட்வேர்தான் அசெப்ரைட். சும்மா வரையறதுக்கு மட்டும்னா அதுக்கு காசு குடுக்கணும்னு அவசியம் இல்ல, ஆனா வரைஞ்சத நடக்க வைக்கணும், ஓட வைக்கணும்னா கண்டிப்பா வாங்கலாம்.

மொதல்ல கோடு. அம்மாப்பேட்டைல பட்டுத்தறிக்கு டிசைன் போடறவங்க கிராப் பேப்பர்ல ஒவ்வொரு கட்டமா எண்ணி எண்ணி பூ வளைவ கொண்டு வருவாங்க, இதுவும் அதே கைவேலைதான், ஒரு கட்டம் தள்ளி வெச்சாலும் வளைவு கெட்டுப்போகும். இதுல பென்சிலுக்கு பிக்சல் பெர்ஃபெக்ட்னு ஒரு டிக் இருக்கு, அத போட்டுட்டா திரும்பற எடத்துல ரெண்டு கட்டம் சேந்து தடிப்பா விழறது நின்னுரும்.

நான் பண்ற கேம் ஏற்காட்டுல நடக்குது, அதுல காட்டெருமை வருது. 32க்கு 32 கட்டத்துல பாத்ததும் காட்டெருமைன்னு தெரியணும்னா முழங்காலுக்கு கீழ இருக்கற வெள்ளைய விடவே கூடாது, மத்ததெல்லாம் நாலஞ்சு கலர்ல முடிஞ்சுரும். நடக்கறப்ப ஒரு பக்கத்து பின்னங்கால், அப்புறம் அதே பக்கத்து முன்னங்கால், அப்புறம் மறுபக்கம், இந்த வரிசைல வரணும். அந்தப்பக்க கால் ரெண்டையும் தனி லேயர்ல (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கற தாள் மாதிரி) கொஞ்சம் இருட்டா போட்டு, எஃப்3 அழுத்தி ஆனியன் ஸ்கின் போட்டா முந்தின ஃப்ரேம், அதாவது அசைவுல இதுக்கு முன்னாடி வர்ற படம், மங்கலா பின்னாடி தெரியும், அத பாத்தே அடுத்த காலடிய வெக்கலாம்.

எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனித்தனியா நேரம் குடுக்கலாம். புது ஃபைல்ல எல்லாம் 100 மில்லிசெகண்ட்ல இருக்கும், அப்படியே விட்டா அவ்ளோ பெரிய மாடு பூனை மாதிரி போகுது, கால் தரைல பதியற ஃப்ரேம மட்டும் 160 ஆக்கி மத்தத 80க்கு கொறைச்சேன், அப்பதாங்க அதுக்கு எடையே வந்துச்சு! படத்துல ஒரு புள்ளி கூட மாத்தல.

கொறைன்னா டைம்லைன்ல சத்தம் சேக்க முடியாது, காலடி சத்தத்த எல்லாம் கேம் இன்ஜின்லதான் பொருத்தி பாக்கணும். மெனு எழுத்தும் பொடிசு, செட்டிங்ஸ்ல 200 சதவீதம் வெச்சுக்குங்க.

வெல 19.99 டாலர், ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல ரூபாய்லயே கட்டலாம், தள்ளுபடி வர்றப்ப வாங்குங்க. ட்ரையல்ல சேவ் ஆகாது. காசு இப்ப இல்லன்னா லிப்ரெஸ்பிரைட் எறக்கிக்குங்க, 2016ல அசெப்ரைட் லைசன்ஸ் மாறினப்ப அதோட பழைய சோர்ஸ் கோட்லருந்து பிரிஞ்சு வந்தது, இலவசம், ஆனியன் ஸ்கின்னும் ஃப்ரேம் நேரமும் அதுலயே இருக்கு.