வசந்த விடுமுறைக் கைவினைப் பெட்டி: பூ தேறியது, முட்டை தேறவில்லை

பிள்ளைகளுக்கு விடுமுறை என்றதும் வாங்கிய பெட்டி. உள்ளே கிரேப் காகிதம் (சுருக்கம் சுருக்கமாக, இழுத்தால் நீளும் காகிதம்), பச்சைக் கம்பி, பசை, முட்டைக்குச் சாய மாத்திரைகள்.

காகிதப் பூ அருமை. காகிதத்தின் சுருக்கம் இதழின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டி, நடுவில் இரு கட்டைவிரலாலும் மெல்ல அகட்டினால் இதழ் கிண்ணம்போல் குழிந்துகொள்கிறது. சின்னவள் அதைவிட்டு எழவே இல்லை. பசைதான் மோசம், காய்வதற்குள் இதழ் நழுவுகிறது. மாவு காய்ச்சிய பசையே தேவலை.

சாயமும் வெளிறிப்போய்தான் பிடித்தது. தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டால்தான் இந்த வகைச் சாயம் ஓட்டில் நன்றாக ஏறும். குறிப்புத்தாளில் அதைப் பற்றி மூச்சே இல்லை! அப்புறம் வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, வினிகர் விட்டு முட்டையை ஊறப்போட்டேன். நல்ல செங்காவி நிறம். சிவப்பு முட்டைக்கோஸ் சாறென்றால் நீலம் வரும்.

காகிதமும் கம்பியும் மட்டும் தனியாக விற்றால் மறுபடி வாங்குவேன்.