மிளகு நிறுக்க வாங்கிய தராசு: ஒரு சீசன் அனுபவம்

ஏற்காட்டில் எங்களுக்குச் சின்ன அளவில் மிளகு, காப்பிக் கொள்முதல். சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்து ஒரு சாக்கு, இரண்டு சாக்கு என்று தலையிலும் பைக்கிலும் கொண்டு வருவார்கள். நிறுத்துக் காசு கொடுத்து, சரக்கு சேர்ந்ததும் சேலம் லீ பஜாருக்கு இறக்கிவிடுவோம். அப்பா காலத்து இரும்புத் தராசிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். அதன் முள் ஒரு இடத்தில் நிற்காமல் போனதும், போன வருடம் 100 கிலோ எலக்ட்ரானிக் பிளாட்பாரம் தராசு ஒன்று வாங்கினேன். இதேபோல் வாங்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முதலில் நுழைந்த கடையில், "வாங்குறதுக்கா, விக்கிறதுக்கா அண்ணா? அதுக்கேத்தபடி செட் பண்ணித் தந்துடலாம்" என்றார் வேலைக்கு இருந்தவர். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. பையிலே பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருக்காதே என்று பைபிளில் உபாகமம் 25-ஆம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறது. வாங்கும்போது கனமான கல், விற்கும்போது லேசான கல். அன்றைக்குக் கல், இன்றைக்கு பட்டன். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த கடையில் ₹8,600. பத்து பத்து கிராமாகக் காட்டும். நிறுப்பவருக்கு ஒன்று, எதிரே நிற்பவருக்கு ஒன்று என்று இரண்டு பக்கமும் எண் தெரியும். இந்த இரண்டாவது எண்பலகைக்காக ஐந்நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுங்கள். தராசு சரியாக நிறுக்கிறது என்பதற்கான அரசு முத்திரைச் சான்றிதழும் சேர்த்தே தந்தார்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை போடவேண்டும். நம் மாநிலத்தில் அது தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வேலை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்ற நீதிமொழியைச் சிறுவயதிலிருந்து ஒப்பித்திருக்கிறேன். 'சுமுத்திரை'க்குள் முத்திரை இருப்பது அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கியபோதுதான் உறைத்தது.

மலைக்காரர்கள் கவனிக்க ஒரு விஷயம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, பழைய தராசின் 20 கிலோ கற்கள் இரண்டை வைத்தால் 39.990 காட்டியது. தராசில் கோளாறு இல்லை. இந்த வகைத் தராசு அழுத்தத்தைத்தான் அளக்கிறது. சேலத்தைவிட ஏற்காடு ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் மேலே இருப்பதால் புவியீர்ப்பு துளி குறைவு. பழைய தட்டுத் தராசில் கல்லும் சரக்கும் ஒரே இடத்தில் நிற்பதால் இந்தப் பிரச்சினை வராது. கடைக்காரரிடம் சொன்னேன். மெக்கானிக்கை மலைக்கே அனுப்பி, இங்கேயே கல் வைத்துச் சரிசெய்து, மறுபடி முத்திரையும் வாங்கித் தந்தார். நீங்கள் வாங்குவதற்கு முன்பே இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

அப்புறம், சாக்கு. வெறும் சாக்கை வைத்து பட்டனை அழுத்தினால் அந்த எடையைத் தானே கழித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதைப் பழகுவதற்காக ஒரு பிளாஸ்டிக் சாக்கை மடித்து வைத்தேன். 120 கிராம். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் கடையில் சாக்கின் எடைக்கென்று கழிக்கும் 'சாக்குக் கழிவு' ஒரு கிலோ. சணல் சாக்கு இருந்த காலத்தில் பெரிய சாக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். அன்றைக்கு அது நியாயமான கழிவுதான். பிளாஸ்டிக் சாக்கு வந்த பிறகும் யாரும் மாற்றவில்லை. அப்பா திருடர் இல்லை, தினம் முழங்கால் போட்டு ஜெபித்தவர். நானும் கேட்டதில்லை. மிளகு கிலோ அறுநூறுக்கு மேல் போகும் நாளில் சாக்குக்கு 880 கிராம் என்றால் ஐந்நூறு ரூபாய்க்கு மேல்.

ஜெபக்கூட்டத்தில் 'நீதி செய்யும் ஆண்டவரே' என்று நாங்கள் கேட்கும்போதெல்லாம், அநியாயம் பட்டவர்களின் வரிசையில்தான் எங்களை நிறுத்திக்கொள்வோம். நில வழக்கு, பதவி உயர்வு, கொடுத்த கடன். என் பெயரைச் சொல்லாமலே என்மேல் நீதி கேட்டு யாராவது ஜெபித்திருப்பார்களோ என்று அன்று இரவுதான் முதல்முறையாக நினைத்தேன். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தருடைய செவிகளில் விழுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். சாக்கைச் சுமந்து வருகிறவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! எங்களுக்கோ தேவ நீதி என்றால் நியாயத்தீர்ப்பு நாளும் பயமும்தான் ஞாபகம் வருகிறது.

பயந்தேன், உண்மைதான். தானியேல் புத்தகத்தில் வரும் பெல்ஷாத்சார் ராஜா தேவனுடைய தராசில் நிறுக்கப்பட்டுக் குறையக் காணப்பட்டான். நானும் குறைவுதான். ஆனால் ரோமர் மூன்றாம் அதிகாரத்தைத் திரும்பப் படித்தபோது ஒன்று புரிந்தது. குறையைப் பார்க்காததுபோல் தேவன் விட்டுவிடவில்லை. விட்டிருந்தால் அவர் தராசும் கள்ளத்தராசு ஆகியிருக்கும். தம் குமாரனைத் தந்து அவரே நிரப்பினார். அதனால்தான் நீதியுள்ளவராக இருந்துகொண்டே என்னையும் நீதிமானாக்க முடிகிறது. சரி, அதோடு கணக்கு முடிந்ததா? வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயுவின் வீட்டுக்கு இயேசு முதலில் வந்தார். அதற்குப் பிறகுதான் அவன் திருப்பிக் கொடுக்க எழுந்தான். மன்னிப்புக்கு அவன் கொடுத்த விலை இல்லை அது. அவர் உள்ளே வந்துவிட்டதால் அடுத்தவன் பணம் அதற்குமேல் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை.

மூன்று வருடச் சிட்டையை எடுத்து, பெயர் இருந்தவர்களுக்கெல்லாம் அன்றன்றைய விலையில் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். சகேயு நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகக் கொடுத்தான். எனக்கு அந்த வலு இல்லை, கூடுதலாகக் கழித்ததை மட்டும் கொடுத்தேன். ஒரு ஆயா பணத்தை இரண்டு முறை எண்ணிவிட்டு, "தப்புன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா தம்பி?" என்றார். "ஆமா ஆயா, நிறுத்துப் பாக்கவே இல்ல" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை வந்தபோது என்னைக் கையை எடுக்கச் சொல்லி, தானே சாக்கைத் தூக்கி வைத்து, தன் பக்கத்து எண்ணை வாய்விட்டுப் படித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். போனில் நம்பர் போட்டுப் பழகியதால் எண் தெரிகிறது.

குறைகளும் உண்டு. தட்டு சின்னது, பெரிய சாக்கு சரிந்து கம்பத்தில் சாய்ந்தால் எடை மாறிவிடுகிறது. பனி இறங்கும் காலையில் போட்டவுடன் பூஜ்யத்தில் நிற்காது. பதினைந்து நிமிடம் சூடாக விட்டு, நீர்மட்டக் குமிழையும் பார்த்துவிட்டு ஆரம்பிக்கவேண்டும். சார்ஜர் வயர் மிகவும் குட்டை. பேட்டரி நன்றாக நிற்கிறது, கரண்ட் போன நாள்களில் கைவிட்டதில்லை. ஐந்துக்கு நான்கு தருவேன்.

தராசுக்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்: பிளாஸ்டிக் சாக்கு 120 கிராம். சணல் சாக்கு என்றால் உங்கள் முன்னாலேயே நிறுத்துக் கழிக்கப்படும்.